கண்ணாடி பேங்கு

மொசைக் தரையின் குளுமை எனக்கு முதலில் உள்ளங்காலில்தான் தெரியவந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் அந்த வங்கிக் கிளை ஓட்டுக் கட்டடத்தை விட்டுப் புதுக் கட்டடத்துக்கு வந்தபோது ஊரே போட்ட வேலையைப் போட்டபடி விட்டு வேடிக்கை பார்த்தது. தட்டையான கான்கிரீட் கூரை, ஒல்லியான சாய்வுத் தூண்கள் தாங்கித் தெருப்பக்கம் நீண்ட முகப்பு, மேற்கு வெயிலைச் சலித்து அனுப்பும் சிமெண்ட் ஜாலிச் சுவர், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. “கண்ணாடி பேங்கு” என்றே பெயராகிவிட்டது.

திறந்தது ஐப்பசி மழையில். புதூர்ப் பக்கமிருந்து வந்த “சம்சாரிகள்”, அதாவது விவசாயிகள், செருப்பில் கரிசல் அப்பிக்கிடக்க, பளபளத்த தரையைப் பார்த்துக் கூசிப்போய்ப் படியிலேயே கழற்றிப் போட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். மழை ஓய்ந்து மண் காய்ந்த பிறகும் எவரும் செருப்போடு உள்ளே போகவில்லை. அது பேங்கின் சட்டம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அதுவே வினையாயிற்று. கடைவீதியில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்த அவருக்கு இடது கால் குட்டை. பாளையங்கோட்டையில் செய்து வாங்கிய கனத்த பூட்ஸைக் கழற்றினால் சுவரைப் பிடிக்காமல் நாலடி வைக்க முடியாது. மறுவருஷத் தீபாவளிக்கு முதன்முறையாக ஆலையிலிருந்தே நேராகச் சரக்கு வரவழைத்திருந்தார். பண்டல்கள் லாரி ஆபீசில் கிடந்தன, அவற்றை எடுப்பதற்கான ரசீதை ஆலைக்காரர்கள் பேங்குக்கு அனுப்பியிருந்தார்கள். அவரே போய்ப் பணம் கட்டிக் கையெழுத்திட்டால்தான் அது கைக்குக் கிடைக்கும். இரண்டு நாள் போய், “கூட்டமாக் கெடக்கு” என்று திரும்பிவந்தார்.

“தீவாளி முடிஞ்சபெறவு துணிய வச்சி என்ன செய்ய?” என்று அம்மா அழாத குறையாகக் கேட்டாள்.

மூன்றாம் நாள் தோளைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூட்டிப்போனார். கூட்டமே இல்லை. படியில் கிடந்த செருப்புகளைப் பார்த்தபடி அவர் நின்றுவிட்டபோதுதான் ஒன்பது வயதான எனக்கு விஷயம் புரிந்தது. எனக்கு அழுகை வந்தது.

கண்ணாடி வழியே எங்களைக் கண்ட மானேஜர் எழுந்து வந்தார். தஞ்சாவூர்க்காரர், அவரும் வெறுங்காலோடுதான் வந்தார்.

“ஏன் வெளியிலயே நிக்கிறீங்க?”

“இதக் கழத்துனா நடக்க ஏலாது சார்,” என்றார் அத்தா, தலையைக் குனிந்துகொண்டு.

“கழட்டச் சொன்னது யாரு? உங்க ஊர் வழக்கம்னுல்ல நானும் வந்த நாள்லேர்ந்து கழட்டிப் போட்டுட்டு இருக்கேன்.”

சிரித்துக்கொண்டே, செருப்புகளுக்கு நடுவே கிடந்த தன் ஷூவை மாட்டிக்கொண்டு முன்னே நடந்தார். உள்ளே இருந்தவர்கள் வாயைப் பிளந்து மானேஜர் காலைப் பார்த்தார்களே தவிர, பின்னால் போன அத்தாவின் காலை எவரும் பார்க்கவில்லை. சரக்கு அன்று சாயங்காலமே கடைக்கு வந்துவிட்டது.

சென்ற மாதம் போயிருந்தேன். ஜாலிச் சுவரை ஏசிக்காக அடைத்துவிட்டார்கள். முன்பக்கக் கண்ணாடியை விளம்பரத் தகடு மறைக்கிறது; உள்ளிருப்பவருக்கு வாசல் தெரியாது. அந்த மானேஜரை நினைக்கும்போதெல்லாம், அங்கே கண்ணாடி வைக்கச் சொன்ன, பெயர் தெரியாத இன்ஜினியரையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். அவர் அங்கே சுவர் எழுப்பியிருந்தால், அத்தா வந்து நின்றதும் திரும்பிப் போனதும் யாருக்கும் தெரிந்திருக்காது.