ஓட்டுச்சீட்டில் இருந்த பெயர்

கொரோஷோனி வார்டில் கரி விற்கும் உபெண்டோம்மாவைத் தெரியாதவர் கிடையாது. தெருத்தலைவர் தேர்தலில் அவள் நிற்கிறாள் என்றதும், மழைக்கு மழை வீட்டுக்குள் புகும் சாக்கடையை அள்ளி அலுத்த பெண்கள் குலவையிட்டு ஆடினார்கள்.

வேட்பாளர் பட்டியலை வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டிய காலையில் கூத்து தொடங்கியது. இரண்டே பெயர்கள். ஒன்று, பன்னிரண்டு ஆண்டாக நாற்காலியை விடாத கிட்வானா. மற்றது, சிகுஜுவா மகம்பா.

"உபெண்டோம்மா பேரத் தூக்கிட்டாங்கடி!" என்று கத்தினாள் மீன் பொரிக்கும் பகாரியம்மா. "யாருடி இந்தச் சிகுஜுவா? எந்தத் தெருக்காரி?"

"நான்தான்டி" என்றாள் பின்னால் நின்ற உபெண்டோம்மா.

பகாரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பதினெட்டு வருடம் இருவரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்!

தலைப்பிள்ளை பிறந்ததும் அதன் பெயரோடு 'அம்மா' சேர்த்துக் கூப்பிட்டே பெண்ணின் பெயரைப் புதைத்துவிடுகிறார்கள். தகப்பனையும் உபெண்டோப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் வீட்டுப் பத்திரத்திலும் கடைப் பலகையிலும் அவன் பெயர் பத்திரமாக இருக்கிறது.

அந்த ஊர்ப் பேச்சில் சிகுஜுவா என்றால் 'தெரியாமப் போச்சு' என்று பொருள். வயிற்றில் பிள்ளை இருப்பது ஏழு மாதம் வரை தெரியாமல் வயலில் உழைத்த தாய் வைத்த பெயர். கிட்வானாவுக்குக் கொண்டாட்டம். "தெரியாதவளுக்கா உங்க ஓட்டு?" என்று காப்பிக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

"பேரு ராசியில்லக்கா. மந்திரிக்கிறவர்கிட்ட வேற பேரு கேளு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"சாக்கடை பேரக் கேட்டுட்டா ஓடுது? மண்வெட்டியப் போட்டா ஓடும், போடி!"

மறுநாள் கரிக்கடையில் புதுச் சட்டம்.

"உபெண்டோம்மா, ஒரு டப்பா கரி."

"அவ இங்க இல்ல."

"விளையாடாதக்கா, அடுப்பு பத்த வைக்கணும்."

"யார்கிட்ட கேக்குற?"

"சி... சிகுஜுவாக்கா!"

"அப்படி வா வழிக்கு."

கரி இல்லாமல் யாரால் சமைக்க முடியும்? மூன்றே நாளில் தெரு முழுக்க அந்தப் பெயர்தான். மினிபஸ் நடத்துநரான அவள் கணவன் ஓமாரிக்கும் விலக்கில்லை. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அதை உச்சரிக்காத மனிதன், பெண்கள் வரிசையில் நின்று நெளிந்தான்.

"நம்ம வீட்டுக்குத்தானே... எனக்குமா?"

"உங்களுக்குத்தான் முதல்ல!"

"சிகுஜுவா" என்றான் மெல்ல.

"மாப்பிள்ளைக்கு வெக்கத்தப் பாரேன்!" வரிசை கொக்கரித்தது.

கிட்வானாவின் மனைவியும் கரிக்கு வந்தாள். மூன்று முறை உரக்கப் பெயரைச் சொன்னாள்.

"யாருக்கும் தெரியாத பேருன்னாரே உங்க வீட்டுக்காரர்?" என்று ஒருத்தி சீண்டினாள்.

"எங்க வீட்டுக்குள்ளயும் சாக்கடை வருதுடி" என்றாள் அவள்.

தேர்தல் நாள் மாலை ஓட்டுகளை எண்ணினார்கள். சிகுஜுவா நானூற்றுப் பன்னிரண்டு, கிட்வானா இருநூற்று எழுபது. அதிகாரி வாசித்து முடிக்குமுன் ஓமாரி மினிபஸ் ஹாரனை அழுத்தினான், விடவேயில்லை.

முதல் தெருக்கூட்டத்தில் வருகைப் பதிவேட்டில் பகாரியம்மா வழக்கம்போல 'பகாரியம்மா' என்றே எழுதினாள். புதுத் தலைவி பேனாவைத் திருப்பி நீட்டினாள்.

"இது உன் மகன் பேரு. நீ யாரு?"

"பதினெட்டு வருசம் கேக்காம, இப்ப கேக்குறா பாரு, மகராசி!" எழுதியதை அடித்துவிட்டு, நாக்கைக் கடித்தபடி எழுதினாள்: அஸ்மினி.

"அட, நல்லாயிருக்கே!" என்றாள் அடுத்தவள். "என் பேரக் கேளுங்கடி!"

அன்று சாக்கடைப் பேச்சுக்கு வரவே ஒரு மணி நேரம் ஆயிற்று.