கீறல் விழாத லாக்கர்

ஐயம்பேட்டை ஜீப் மெக்கானிக் பேசும்போதெல்லாம் கழிவுப் பட்டு நூலால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருப்பார். சேற்றில் சிக்கினால் பின்சக்கரம் இரண்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் லாக்கர் எனக்கு வேண்டியிருந்தது. கம்பெனியுடையதா, வெளியில் வாங்குவதா என்று அவரிடம் கேட்டேன்.

"கம்பெனி லாக்கர் வேகம் ஏறினா தானா விட்டுடும்பா. வெளி லாக்கர் நீயா சுவிட்சை அணைக்கிற வரைக்கும் விடாது."

"விடாததே வேணும்."

ஷெட் ஓரம் நசுங்கிக் கிடந்த ஜீப்பைக் காட்டினார். "அதுல இருக்குது. ஏரியில இருந்து ரோடு ஏறினவரு லாக்கை எடுக்காமயே ஓட்டிக்கினு போனாரு. ரெண்டு சக்கரமும் ஒண்ணாவே சுத்தினதால வளைவுல வண்டி திரும்பல."

"அவரு?"

"போய்ட்டாரு. லாக்கர்ல ஒரு கீறல் இல்ல. பாதி விலைக்குத் தரேன்."

அந்த மெக்கானிக் எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சக்காரர் என்று இன்றும் நண்பர்களிடம் சொல்கிறேன். அவர்களைக் கூட்டிப்போவது அந்த லாக்கர் மாட்டிய என் ஜீப்பில்தான்.