எங்கள் தோட்டத்துச் சர்வதேச எடை தூக்கும் போட்டி

தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசர் என்றால், தேயிலையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி என்று அர்த்தம். மேலே இருப்பவர் விரல் நீட்டிய பக்கமெல்லாம் ஓடிக் கால் தேய்ந்த சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் எங்கள் நெல் வயலைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா கிடந்திருக்கலாம். எழுபதுகளில் வண்டிப்பெரியார்ப் பக்கம் வேலைக்கு வந்தேன், அனுபவித்தேன்.

சர்வதேசம் பிறந்த கதை

வருஷா வருஷம் பக்கத்துத் தோட்டத்துக்கும் எங்களுக்கும் விளையாட்டுப் போட்டி நடக்கும். ஓட்டம், பந்து, கயிறு இழுத்தல். அந்த வருஷம் லண்டனிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் விருந்தாளியாக வந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் சிலோனிலிருந்து திரும்பிய சில குடும்பங்கள் வேலைக்குச் சேர்ந்திருந்தன. மூன்று தேசம் ஆயிற்றே! எங்கள் மானேஜர் மலையாளி, உற்சாகப் பிறவி. உடனே இதைச் சர்வதேசப் போட்டி என்று அறிவித்து, விருந்தாளி சொன்னார் என்று பெண்களுக்கு எடை தூக்கும் போட்டியையும் சேர்த்துவிட்டார். நம் தோட்டத்துப் பெண் ஜெயித்தால், தற்காலிகத் தொழிலாளியாக இருந்தாலும் நிரந்தரமாக்குவதாக வாக்குக் கொடுத்தார். பயிற்சி கொடுக்கப் போவது யார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீதன்னே! இது இன்டர்நேஷனல் ஆணு, கேட்டோ? தோத்தா பின்னே என் முகத்துல முழிக்கண்டா!"

பயிற்சி

பாக்டரியில் கழற்றிப் போட்டிருந்த இரும்புத் தண்டின் இரண்டு முனையிலும் மணல் மூட்டை கட்டினேன். வந்தவர்களில் பேச்சியம்மாள் ஒருத்திதான் தேறினாள். தற்காலிகத் தொழிலாளி. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் அக்கா குடும்பத்தோடு ஒரே அறையில் முடங்கிக் கிடந்தவள். நிரந்தரமானால் அவளுக்கென்று தனி வீடு கிடைக்கும். அந்த ஒரே ஆசையில் வந்திருந்தாள்.

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கை இறுக்கிக்கொண்டு, ஒரே மூச்சில் தண்டைத் தலைக்கு மேல் தூக்கினாள். நான் கைதட்டினேன். அவளோ அதைச் சுமந்துகொண்டு பாக்டரியைப் பார்த்து விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஓடிப்போய் மறித்து, நின்ற இடத்திலேயே கீழே வைக்க வேண்டும், அதுதான் விளையாட்டு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எடுத்த எடத்துலயே வைக்கதுக்கு எதுக்குய்யா எடுக்கணும்?"

முட்டை

வீராங்கனைக்குத் தெம்பு வேண்டும் என்று மானேஜரிடம் கெஞ்சி, தினமும் அவித்த முட்டைக்கு அனுமதி வாங்கினேன். மறுநாள் பயிற்சிக்கு லயமே திரண்டு வந்துவிட்டது. தண்டைத் தொடாமல் முட்டைச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியை, தூக்கிக் காட்டு பார்க்கலாம் என்று அதட்டினேன்.

"தூக்க வராதுய்யா. முட்டை நல்லாத் திம்பேன்."

ஒரு கை

போட்டியன்று இரண்டு தோட்டமும் மைதானத்தில். வெள்ளைக்காரர்தான் நடுவர். கடைசியில் பேச்சியம்மாளும், பக்கத்துத் தோட்டத்துச் சிலோன்காரி ராசம்மாளும் மிஞ்சினார்கள். கூடுதலாக ஒரு மூட்டை கட்டியதும் பேச்சி அதையும் தூக்கிவிட்டாள். அடுத்து ராசம்மாள். தண்டு அவள் நெஞ்சு வரை வந்து நின்றுவிட்டது. முழங்கால் வெடவெடவென்று ஆடியது. கீழே போட்டால் பேச்சிக்கு வீடு! போடு தாயே, போடு என்று வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டேன்.

தோட்டத்தில் எந்தப் பெண்ணும் கொழுந்து மூட்டையைத் தனியாகத் தலைக்கு ஏற்றுவதில்லை. பக்கத்தில் இருப்பவள் ஒரு கை கொடுப்பாள். யாரும் கேட்பதில்லை, யாரும் யோசிப்பதுமில்லை. உட்கார்ந்திருந்த பேச்சி எழுந்து ஓடினாள். "ஏத்து தாயி!" என்று ஒரு தள்ளு. தண்டு ஜம்மென்று மேலே போனது. இரண்டு பக்கத்துப் பெண்களும் குலவையிட்டார்கள். வெள்ளைக்காரர் விசில் ஊதினார். அடுத்தவர் சுமையைத் தொட்டவள் அவுட் என்றார். பரிசுக் குடம் ராசம்மாளுக்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டைக் கை நழுவ விட்டாயே என்று பேச்சியிடம் கத்தினேன்.

"நடுங்கிக்கிட்டு நிக்காளே, பாத்துக்கிட்டா இருப்பாக?"

அவுட்

மறுநாள் வழக்கம்போல் கொழுந்து பறித்தார்கள். மூட்டைகளும் நிறைந்தன. ஆனால் ஒன்றுகூடத் தலைக்கு ஏறவில்லை. சரிவு முழுக்க மூட்டைகள், பக்கத்தில் கைகட்டி நிற்கும் பெண்கள். மூட்டைக்குள் கொழுந்து சூடேறிக் கறுத்தால் என் கதி என்ன? "அம்மணிகளா, ஒருத்திக்கொருத்தி கை குடுங்க!" என்று ஊர்ப்பேச்சிலேயே கெஞ்சினேன். பலிக்கவில்லை. சரி என்று நானே ஒரு மூட்டையில் கை வைத்தேன். மலையே அதிர, "அவுட்டு!" என்று கோரஸ்.

பாக்டரி காலியாகக் காத்திருக்கிறது என்று மானேஜர் ஜீப்பில் பறந்து வந்தார். கத்தினார். யாரும் அசையாததைப் பார்த்து, வீம்புக்கு ஒரு மூட்டையைத் தாமே தலைக்கு ஏற்றப் போய், அதோடு சேர்ந்து தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, பேச்சியம்மாள் நிரந்தரம், வீடும் உண்டு என்று அலறினார். அவர் எழுவதற்குள் எல்லா மூட்டையும் தலைக்கு ஏறிவிட்டது. இப்படியா ஸ்ட்ரைக் பண்ணுவது என்று பேச்சியைக் கேட்டேன். சுமையோடு நடந்துகொண்டே சொன்னாள்:

"ஸ்ட்ரைக்கா? வெள்ளைக்காரரு சொன்ன ரூல்ஸ்படிதானய்யா நின்னோம்!"

ஆக, சக பாவிகளே, தோட்டத்தை மானேஜர்தான் நடத்துகிறார் என்று நான் நம்பியது அன்று பகல் வரைக்கும்தான்.