பூங்காவில் எங்கள் வீடு

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். யாரும் எங்கள் வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

இன்று பள்ளி விட்டு வரும்போது, எங்கள் ஊர் பண்டமாரான் மண்டபத்தில் நகராண்மைக் கழகத்தின் புதிய நகரத் திட்ட வரைபடம் வைத்திருந்தார்கள். அவரவர் வீட்டின்மேல் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன்.

"தங்கச்சி, வீட்டு மேல ஒட்டு லா. அது புது ரோடு," என்றார் மேசையிலிருந்த அக்கா.

"அதுதான்கா எங்க வீடு."

அவர் ஸ்டிக்கரை உரித்து, பக்கத்தில் பூங்கா என்று போட்டிருந்த பச்சை இடத்தில் ஒட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால், அப்பா சமையலறையில் புது டைல்ஸ் பதித்துக்கொண்டிருக்கிறார்.

"கலர் எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். நாளைக்கு ஹாலுக்கும் போடப் போகிறாராம்.

பூங்காவுக்கு டைல்ஸ் போடுகிற ஒரே குடும்பம் நாங்கள்தான். அப்பாவை எப்படி நிறுத்துவது, யாராவது சொல்லுங்களேன்.