பென்சில் டிக் போட்ட இடங்கள்

நம் சபை மாத இதழில் எழுதச் சொல்லி ஆயர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் தள்ளிப்போட்டேன். காரணம், இந்தச் சாட்சியைச் சொல்வதற்கு முன்னால் நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் கிளார்க்காக இருந்தேன். துப்பாக்கியைத் துடைத்ததைவிடக் கம்ப்யூட்டர் கீபோர்டைத் துடைத்ததுதான் அதிகம். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று எத்தனையோ சிப்பாய்களைத் திட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், ஓய்வு பெற்ற மறு வருடம், காந்திபுரத்தில் ஒரு மாடி அறையில் பதினான்கு பக்க ஒப்பந்தத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதோடு நின்றிருந்தால் என் தலை மட்டும்தான் போயிருக்கும். என் நண்பன் பழனிசாமியின் படிவத்தையும் நானே நிரப்பி, அவனையும் கையெழுத்துப் போட வைத்தேன். பிறகு நான் போகவில்லை. அவன் போனான்.

ஓய்வு பெற்ற ராணுவத்தான் வீட்டில் இருப்பது வீட்டுக்கு நல்லதில்லை. ஆறு மாதத்தில் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் நம்பர் ஒட்டிவிட்டேன். என் மனைவி ரோஸ்லின் பள்ளிக்கூட ஆசிரியை. அவள்தான் சொன்னாள்: "ஏனுங்க, எங்கியாச்சும் வேலைக்குப் போங்க. இல்லீனா நான் போயிடறேன்." அந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தது. வளைகுடா நாடு. எண்ணெய்க் கம்பெனி வளாகத்தில் பாதுகாப்பு வேலை. இரண்டு வருட ஒப்பந்தம். முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை.

தனியாகப் போக எனக்குப் பயம். கிளார்க் என்றாலும் துணைக்கு ஒரு நிஜ சிப்பாய் வேண்டும் என்று தோன்றியது. பழனிசாமி அன்னூர்க்காரன். என்னோடு ஒரே நாளில் படையில் சேர்ந்தவன். மெஷின்கன் பிரிவில் இருந்தவன். நான்கு மாடும் மக்காச்சோளக் காடுமாக நிம்மதியாக இருந்தான். "எனக்கு எதுக்கப்பா இதெல்லாம்" என்றுதான் முதலில் சொன்னான். ஒரு மாதம் விடாமல் நச்சரித்து அவனைக் கிளப்பியது நான்தான். அப்போது தினமும் ஜெபித்தேன். கடவுளிடம் நான் ஜெபிப்பது விண்ணப்பம் மாதிரியே இருக்கும். பொருள், பார்வை, பணிவான வேண்டுகோள், தங்கள் உண்மையுள்ள. இந்த வேலை கிடைக்கச் செய்யும் என்பதுதான் பொருள்.

மாடி அறையில் அந்த முகவர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். மேஜையில் சின்னதாக ஒரு தேசியக் கொடி. "வாங்க சாப். உங்கள மாதிரி ஆளுகளுக்கு இன்டர்வியூவே தேவையில்லீங்க. கையெழுத்து மட்டும் போதும்," என்றார். படையில் கூப்பிடுகிற மாதிரி என்னை சாப் என்று யாரும் கூப்பிட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வார்த்தையில் என் மூளை ஓய்வுக்குப் போய்விட்டது.

படிவத்தைப் பார்த்ததும் எனக்கு ஊருக்கு வந்தது போல் இருந்தது. பெயர், தந்தை பெயர், அங்க அடையாளம், ரத்த வகை. ஒன்பதாம் பக்கத்துக்கு மேல் எழுத்தே எங்களுக்குத் தெரியாத எழுத்து. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் பென்சிலில் மெலிதாக ஒரு டிக் இருந்தது. ராணுவ அலுவலகத்தில் அதிகாரிகள் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்ட, கிளார்க் போடும் டிக் அது. நான் இருபத்திரண்டு வருடம் போட்ட டிக். அதைப் பார்த்து எத்தனை கர்னல்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள் என்று எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு நான் கர்னல் ஆனேன். டிக் கண்ட இடமெல்லாம் போட்டேன். "இங்க போடு, இங்க போடு," என்று பழனிசாமிக்கும் விரலால் காட்டினேன்.

ஒரு கட்டத்தில் மட்டும் பேனா நின்றது. நெக்ஸ்ட் ஆஃப் கின். ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்வது என்று கேட்கும் கட்டம். பழனிசாமியின் மனைவி சரஸ்வதிக்கு ஆங்கிலம் வராது. அதனால், நானும் கூடப் போகிறவன் என்பதை யோசிக்காமலே, அவன் படிவத்தில் என் போன் நம்பரை எழுதினேன்.

கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலை ரோஸ்லின் படித்துப் பார்த்தாள். "வளைகுடாவுல எதுக்குங்க கம்பளி சாக்ஸ்? உள்ள போடற கம்பளி டிரஸ் வேற மூணு ஜோடி எழுதியிருக்குது," என்றாள். முகவரிடம் கேட்டேன். ஏசி கொஞ்சம் அதிகமாக இருக்கும் என்றார். அதை நான் வீட்டில் வந்து உலகம் தெரிந்தவன் குரலில் திரும்பச் சொன்னேன். பட்டியலில் ரத்த வகையை இரண்டாவது முறையும் கேட்டிருந்தார்கள். அதை அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னால், நரை தெரியக்கூடாது என்று முகவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு தலைக்கும் மீசைக்கும் மை பூசினேன். மறுநாள் காலையில் கண் திறக்கவில்லை. முகம் பரங்கிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. பாஸ்போர்ட் படத்துக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. அடுத்த குழுவில் அனுப்புகிறேன் என்றார் முகவர். பழனிசாமி ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரமாக நின்றான்.

"நீ இல்லாம நான் மட்டும் எப்பிடிப்பா போறது? நானும் இருந்துக்கறேன்."

"போப்பா. இருவது நாள்ல பின்னாலயே வாரேன்," என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளில் திரும்பப் பெற முடிந்தால் பெற்றுக்கொள்ள விரும்புவது அதைத்தான்.

புறப்பட்ட மறுநாளே அவனிடமிருந்து செய்தி வந்தது. வளைகுடாவில் வெளியே விடவில்லை, வேறு விமானத்துக்கு மாற்றுகிறார்கள் என்று. நான்கு நாள் கழித்து ஒரு படம். தடித்த கோட்டு. பின்னால் நின்ற மரங்களில் ஒரு இலைகூட இல்லை. சட்டையில் பெயர் வில்லை இல்லை. அதற்கடுத்த வாரம் போன் செய்தான். அன்னூரில் மழையா என்று கேட்டான். இல்லை என்றேன். மறுபடியும் அன்னூரில் மழையா என்று கேட்டான். பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று புரிந்தது. தூரத்தில் தொடர்ந்து ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது என்ன என்றேன். "வேலை நடக்குதுப்பா," என்றான். நான் கிளார்க்தான். ஆனாலும் பீரங்கிச் சத்தம் எனக்குத் தெரியும்.

அது எந்த நாடு என்று இங்கே எழுதவில்லை. வழக்கு நடக்கிறது. வேறு யாரோ நடத்தும் போர் அது என்று மட்டும் சொல்லலாம்.

மறுநாள் காந்திபுரம் போனேன். மாடி அறை பூட்டியிருந்தது. பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணி மட்டும் இருந்தது.

பிறகு மூன்று வாரம் எந்தச் செய்தியும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வந்தன. ஒரு புதன்கிழமை மதியம் மாவு மில்லில் அரிசி அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். வெளிநாட்டு நம்பர். ஒரு பெண் குரல், உடைந்த ஆங்கிலம். பழனிசாமிக்கு வேண்டியவர் நீங்கள்தானா? ஆம். அவர் வீட்டு விலாசத்தை ஒருமுறை சொல்லுங்கள். சொன்னேன். நன்றி என்று வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை.

அன்பானவர்களே, வீட்டு விலாசத்தை இரண்டு நேரங்களில்தான் சரிபார்ப்பார்கள். ஆளைச் சேர்க்கும்போது ஒருமுறை. அப்புறம் கடைசியாக ஒருமுறை. இரண்டாவது வகையை என் யூனிட்டில் நானே செய்திருக்கிறேன். அதே மரியாதையான குரலில். அதே நன்றியோடு. மில்காரர் மாவை எடுத்துக்கொள்ளச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

பஸ் ஏறி அன்னூர் போனேன். சரஸ்வதி மாட்டுக்குத் தீவனத்தட்டை இயந்திரத்தில் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"வாங்ணா. ஏனுங்ணா, மூஞ்சி மறுபடி வீங்கிப்போச்சுங்களா?"

"இல்லம்மா. பஸ்ல தூக்கம்."

"அவரு போன் பண்ணுனாருங்களா?"

"ஆபீஸ்லருந்து பண்ணுனாங்க. வெலாசம் கேட்டாங்க."

"நம்மூட்டு வெலாசமுங்களா? எதுக்குங்க?"

"சும்மா, சரிபாக்கறதுக்கு."

அவள் வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் கையிலிருந்த சோளத்தட்டைக் கீழே வைத்தாள். "எங்க சாமிகிட்ட நான் சொல்லி வெச்சிருக்கறனுங்ணா. உங்க சாமிகிட்ட நீங்க சொல்லிப்போடுங்க. யாரு மொதல்ல போன எடுக்கறாங்களோ எடுக்கட்டும்," என்றாள். மாடு கத்தியது. மறுபடி இயந்திரத்தைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் போட்டாள் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது நம் சபைக் கோவிலில் நுழைந்தேன். யாரும் இல்லை. வழக்கம்போல் விண்ணப்பத்தை ஆரம்பித்தேன். பொருள் என்பதற்கு மேல் போகவில்லை. உண்மையுள்ள என்று எந்த முகத்தோடு எழுதுவது? முழங்கால் போட்டுக்கொண்டு இவ்வளவுதான் சொன்னேன்: "ஆண்டவரே, அது நான் நிரப்பிய படிவம். என்னால் திருத்த முடியாது. நீர் திருத்தும்." ஒன்பது நாள் இதையேதான் சொன்னேன்.  போன் அடித்தால், பால்காரர் கூப்பிட்டாலும் எழுந்து நின்று பேசினேன்.

பெரிய வெள்ளிக்கிழமை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காம் வார்த்தையை ஆயர் தியானித்துக்கொண்டிருந்தார். என் பையில் போன் அடித்தது. சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மூத்த உறுப்பினர் ஒருவர் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. வெளியே ஓடினேன்.

"ஏம்ப்பா, நல்லாருக்கறயா?"

பழனிசாமி. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கப்பா இருக்கறே?"

"மாவு மூட்டைக்கு நடுவுல. ஏம்ப்பா, நான் கிளார்க்குன்னு இவனுககிட்ட யாரு சொன்னது?"

"கிளார்க்கா?"

"ஆமா. ஸ்டோர்ல உக்கார வெச்சு நோட்டுக் குடுத்துட்டானுக. எனக்கென்ன தெரியும். மூட்டைக்கு ஒரு கோடு போட்டுட்டு உக்காந்திருக்கறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எங்க எல்லாரு வீட்டு வெலாசத்தையும் சரிபாத்துட்டு, கூட வந்தவனுக ஏழு பேரையும் லாரில முன்னால சண்டைக்குக் கூட்டிட்டுப் போனானுக. பேரக் கூப்பிட்டப்ப நானும் எந்திரிச்சேன். காயிதத்தப் பாத்துட்டு, நீ உக்காருன்னுட்டான். லாரி திரும்பி வல்லப்பா."

வீட்டுக்கு ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன். கிளார்க் புத்தி, எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். மூன்றாம் பக்கம். படையில் செய்த பணி என்ற கட்டம். என் படிவத்தை முதலில் நிரப்பிவிட்டு, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவனுடையதை நிரப்பியிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் மட்டும் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். மெஷின்கன் என்று இருக்க வேண்டிய இடத்தில் அழகான கையெழுத்தில் இருந்தது: கிளார்க், ஸ்டோர் மற்றும் ரேஷன்.

யூனிட்டில் இப்படி ஒரு தவறு செய்திருந்தால் என்னை வெயிலில் நிற்க வைத்திருப்பார்கள்.

அந்தப் பதினான்கு பக்க ஜெராக்ஸை வைத்துக்கொண்டுதான் பிறகு எல்லாம் நடந்தது. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் நானும் சரஸ்வதியும் மனுவோடு நின்றோம். டெல்லிக்கு எழுதினோம், தூதரகத்துக்கு எழுதினோம். ஆள் ஸ்டோர் கிளார்க், போர் வீரன் இல்லை என்று படிவமே சொன்னதால், அவனை விடுவது சுலபமாக இருந்தது என்று ஒரு அதிகாரி பின்னர் சொன்னார். நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தீர்கள். அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் பீளமேடு விமான நிலையத்தில் வந்து இறங்கினான். பாதி ஆளாக இருந்தான். இடது கையில் இரண்டு விரல் நுனி குளிரில் கருத்துப்போயிருந்தது. சரஸ்வதி அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு கார் வரைக்கும் நடந்தாள்.

அந்த ஏழு பேரைப் பற்றி நான் சொல்லாமல் போனால் இது சாட்சி ஆகாது. அவர்கள் வீடுகளிலும் ஜெபித்திருப்பார்கள். அவர்களுடைய படிவங்களைச் சரியாக நிரப்பியிருந்தார்கள், அவ்வளவுதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாக நடிக்கவும் மாட்டேன். தினமும் ஜெபத்தில் ஏழு என்று சொல்கிறேன். பெயர்கள் எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்தது இதுதான். போக வேண்டும் என்று கேட்டேன், முகத்தை வீங்க வைத்தார். அதை நான் மறுப்பு என்று எடுத்துக்கொண்டு அவரோடு முறைத்துக்கொண்டேன். படிவத்தைத் திருத்தும் என்று கேட்டேன். நான் கேட்பதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே, என் கையை வைத்தே அதைத் திருத்தியிருந்தார். தவறு என்னுடையது. அதில் அவர் செய்தது இரக்கம். இதை நம்பித்தான் இப்போது உயிரோடு நடமாடுகிறேன்.

இப்போது சனிக்கிழமைகளில் சபை மண்டபத்தில் உட்காருகிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிற யாரும், படையிலிருந்து வந்தவர்களோ இல்லையோ, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களோ, காகிதத்தோடு வரலாம். ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படிக்கிறேன். புரியாத எழுத்து இருந்தால், புரிகிறவர் கிடைக்கும் வரை கையெழுத்து வேண்டாம் என்கிறேன். முகவர் அரசிடம் பதிவு செய்தவரா என்று பார்த்துச் சொல்கிறேன். ஒரு அழிரப்பர் வைத்திருக்கிறேன். பென்சில் டிக் இருந்தால் முதலில் அதை அழித்துவிடுவேன்.

உங்களில் யாராவது இன்று ஒரு போன் சத்தத்துக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தால், நல்ல வார்த்தைகளைத் தேட வேண்டாம். என்ன செய்து தொலைத்தீர்களோ அதை அப்படியே சொல்லிக் கேளுங்கள். அவர் கேட்கிறார். நான் சொன்னதையும் கேட்டார்.

இதை எழுதி முடித்த மறுநாள் பழனிசாமி வந்தான். அன்னூர்ப் பக்கம் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலையாம். கையில் விண்ணப்பப் படிவம். வழக்கம்போல் நான் பேனாவை எடுத்துக் கையை நீட்டினேன். அவன் என்னைத் தாண்டிப்போய் அதை ரோஸ்லினிடம் கொடுத்தான்.

"நீங்க எழுதிக் குடுங்க அம்மணி. இவன் எழுதுனா உசுரு தப்பிக்குது, வேலைதான் கெடைக்க மாட்டீங்குது."