உப்புப் பூசிக் கடலில் இறங்கியவர்

ரெங்கம்மா கடலை முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். மகள் ஜெயந்தினி ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். ஓடில்லாத கடல் நத்தைகளைத் தேடும் குழுவோடு பொத்துவிலுக்குத் தெற்கே கடற்கரைக்குப் போகையில் தாயையும் கூட்டிப்போனாள்.

மூன்று நாள் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. நான்காம் நாள் கடல் வற்றிப் பாறைகள் தெரிந்ததும் ரெங்கம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பாறைக்குழிக்குள் இறங்கினார். குழி நுரைத்தது.

“இதென்னம்மா?” என்றார் குழுத்தலைவி றஷீதா.

“சவுக்காரமும் உப்பும் மிஸ். தோட்டத்துல மாதிரி, அட்டை ஏறாம இருக்க காலுல பூசிட்டு வந்தேன்.”

“கடல்ல இறங்க உப்புப் பூசிட்டு வந்த ஒரே ஆள் நீங்கதான். இனி இதுல ஒரு றால்கூட நிக்காது. ஏறி உக்காருங்க.”

ஜெயந்தினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகளின் வேலையிடத்தில் மகளுக்குத் தலைகுனிவு. எதையாவது கண்டுபிடித்துக் காட்டாவிட்டால் அன்று ரெங்கம்மாவுக்குச் சோறு இறங்காது.

காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு, தள்ளி வேறொரு குழியோரம் குந்தினார். தேயிலையோடு தேயிலையாகக் கிடக்கும் பச்சைப் புழுவை, கை படுமுன் கண்டு விலகிப் பழகிய கண் அது; வேலை நின்றும் ஓயாத கண்.

“மிஸ், இங்கன ஒண்ணு இருக்கு.”

“அது கடற்பஞ்சும்மா,” என்றார் றஷீதா, நின்ற இடத்திலிருந்தே.

“பஞ்சுக்குக் கொம்பு மொளைக்குமாங்க? ரெண்டு இருக்கு. முதுகுல பூ வேற. நெழலு பட்டா உள்ள இழுத்துக்குது.”

தண்ணீர் திரும்ப ஏறிக்கொண்டிருந்தது. றஷீதா ஓடிவந்து முழங்காலிட்டார். நகமளவு உடம்பு, மஞ்சள் பஞ்சின்மேல் மஞ்சளாக. ஓரத்தில் மட்டும் ஊதாக் கோடு. அலை குழிக்குள் வருமுன் ஜெயந்தினி படமெடுத்து, அதைக் குப்பியில் எடுத்துக்கொண்டாள்.

“பேரு என்னங்க?”

“தெரியாதேம்மா. இந்த நத்தையோட நாக்குல இருக்கிற பல்லை எண்ணித்தான் சொல்லலாம்.”

“நாக்குல பல்லா? எங்க லயத்து வீடுகள்ல அப்படி ரெண்டு பேரு இருக்காங்க மிஸ்.”

றஷீதா சிரித்துப் பாறையில் வழுக்கி உட்கார்ந்தார். மத்தியானம் ரெங்கம்மா இரண்டு தரம் சோறு வாங்கினார்.

பல்லை எண்ணி, ஒப்பிட்டு முடிக்க ஏழு மாதம் ஆனது. ஐந்தாம் மாதமே ரெங்கம்மா இறந்துவிட்டார். மாரடைப்பு.

அந்தக் கரையில் முன்பு யாரும் பதியாத இனம் என்று முடிவானது. பதிவுத்தாளில், ‘கண்டவர்: ரெங்கம்மா, ஓய்வுபெற்ற கொழுந்து பறிப்பாளர்’ என்று றஷீதா எழுதியிருந்தார்.

ஜெயந்தினி ‘ஓய்வுபெற்ற’ என்பதை மட்டும் வெட்டினாள்.