ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்த டாக்டர்

டாக்டர் சபாபதி காலமான செய்தி வந்தபோது தேவாலா பஸ் ஸ்டாண்டில் கூடலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். குன்னூரிலிருந்து அவருடைய மகன் பேசினார். தகரக் கூரையில் மழை விழுந்த இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, "சத்தமா சொல்லுப்பா" என்று கத்தினேன். பாவம், அப்பா இறந்துபோனதை அவர் இரண்டாம் தரம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் வந்தது. நான் ஏறவில்லை. 

நான் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவள். அவர் ஓய்வு பெற்றுக் குன்னூருக்குப் போகும்வரை ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். பாதி நாள் சண்டை போட்டோம். சண்டையை ஆரம்பிப்பது எப்போதும் நான்தான், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள். நான் கூட்டியோ குறைத்தோ சொன்னால் உடனே பிடித்துவிடுவீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். பெண்கள் இடுப்பில் படங்குத் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு காலையில் கொழுந்து பறிக்க இறங்கினால், உள்ளே நனைந்த துணி சாயங்காலம்வரை உடம்போடு ஒட்டிக் கிடக்கும். ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வராமல் என்ன செய்யும்? அரிப்பு, எரிச்சல், தயிர்த் திப்பி போல வெள்ளைப்படுதல். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தலைவலி என்பார்கள், முதுகுவலி என்பார்கள். "தலைவலிக்கு வந்தவங்க எதுக்குங்க கதவையே திரும்பித் திரும்பிப் பார்க்கறாங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். ஆம்பளை டாக்டரிடம் எப்படிச் சொல்வார்கள் என்றேன். மறுநாள் நான் வரும்போது தன் நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"மாமியார்கிட்ட கோவிச்சுக்கிட்ட மருமகன் மாதிரி இருக்கீங்க" என்று கேலி செய்தேன்.

"இருக்கட்டுங்க. மூஞ்சியைப் பார்த்தாத்தானே வெக்கம்? அவங்க உங்ககிட்டப் பேசட்டும், நான் கேட்டுக்கறேன்" என்றார்.

அப்படியே நடந்தது. பெண்கள் என்னிடம் சொல்வார்கள். அவர் தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு கேள்வி கேட்பார். திரைக்குப் பின்னால் நர்ஸ் பரிசோதித்துக் கண்ணாடித் தகட்டில் எடுத்துத் தருவதை அவர் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். வந்தவர் முழுகாமல் இருக்கிறாரா என்று கேட்காமல் மாத்திரை எழுதியதே கிடையாது. இருந்தால் விழுங்கும் மருந்தை விட்டுவிட்டு, உள்ளே வைக்கும் மருந்தைத்தான் கொடுப்பார். நாளாக ஆகப் பெண்களுக்கு அந்த முதுகு பழகிப்போயிற்று. சிலர் அதைப் பார்த்துத் திட்டவும் செய்தார்கள். அவர் சிரிப்பது தோள் குலுங்குவதில் தெரியும்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு டியூப் இருந்த காலம் அது. அட்டை கடித்த இடத்துக்கு அது, பித்தவெடிப்புக்கு அது, குழந்தையின் கன்னத்துத் தேமலுக்கு அது, இந்த அரிப்புக்கும் அதுவே. மூன்று நான்கு மருந்தைக் கலந்து, ஸ்டீராய்டையும் சேர்த்து வைத்த களிம்பு. "அரிப்பு அடங்குதுங்க, பூஞ்சை அடங்கறதில்லை. உள்ள இன்னும் சௌகரியமா வளருது" என்பார் டாக்டர். பழைய டியூப்பைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் பூஞ்சைக்கு மட்டுமான களிம்பு கிடைக்கும் என்று சொல்லிவிட்டார். என் மேஜையடியில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய பிதுங்கிய டியூப்புகள் சேர்ந்தன.

இன்னொரு பழக்கமும் இருந்தது. இரண்டு நாளில் அரிப்பு நின்றால், மீதி மாத்திரையைச் சீனியும் தேயிலையும் கைமாற்றாகக் கொடுப்பதுபோலப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும். நான் போடும் சத்தம் வாசல்வரை கேட்கும். டாக்டர் ஒரு நாளும் திட்டியதில்லை. "யாருக்குக் குடுத்தீங்கன்னு மட்டும் கேளுங்க. அவங்களுக்கும் இதே தொந்தரவுதான். வரச் சொல்லுங்க" என்பார். அப்படி வந்தவர்கள்தான் பாதிப் பேர்.

ஈரத்துணியை உலர்த்த தேயிலை ஃபேக்டரியின் அனல் பக்கம் இடம் கேட்டார். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், துணி வாடை அடித்தால் விலை போகாது என்று மேனேஜர் மறுத்துவிட்டார். அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு வந்த டாக்டர், குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் அடுப்பு மேலே கொடி கட்ட ஏற்பாடு செய்தார். மத்தியானம் பெண்கள் அங்கே வந்து உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு போனார்கள். அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கிறது என்று ஆயாம்மா கடைசிவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இனி நான் சொல்லப்போவதை எழுதலாமா என்று சம்பந்தப்பட்ட இருவரையும் கேட்டேன். "டாக்டரய்யாவுக்காகன்னா எழுதுங்க மிஸ்ஸி, பேர மட்டும் மாத்திப் போடுங்க" என்றார்கள். ஆஸ்பத்திரிப் பெண்கள் எல்லாருமே அவர்களுக்கு மிஸ்ஸிதான். ஆகவே அந்தப் பெண்ணைத் தனலெட்சுமி என்றும், அவள் புருஷனை முருகையா என்றும் சொல்கிறேன்.

தனலெட்சுமிக்கு ஒரே மழைக்காலத்தில் அரிப்பு மூன்றாம் முறை திரும்பி வந்தது. மருந்து சாப்பிட்டால் குணமாகும், கொஞ்ச நாளில் மறுபடி வரும். வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். எங்கேயோ போய்க் கெட்ட சீக்கு வாங்கி வந்துவிட்டாள் என்றான் முருகையா. மாமியார் அவள் கையால் தண்ணீர் வாங்கவில்லை. கோத்தகிரியிலிருந்து அவள் அண்ணனை வரச் சொல்லியாயிற்று.

"ஞாயித்துக்கிழம வந்து கூட்டிட்டுப் போகட்டுமாம். பொம்பளப் புள்ளைங்க ரெண்டையும் இங்கயே விட்டுட்டுப் போகணுமாம். நான் ஒரு தப்பும் பண்ணலயே டாக்டரய்யா" என்று அந்த முதுகைப் பார்த்து அழுதாள்.

டாக்டர் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டார். ஒரு பெண் நோயாளிக்கு எதிரே அவர் அப்படி உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்றுதான். "உங்களுக்குக் கெட்ட சீக்கு எதுவும் இல்லைங்க, எல்லாம் சோதிச்சுப் பார்த்தாச்சு. சர்க்கரையும் இல்லை. மருந்தும் ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்கீங்க. நான் உங்க ஊட்டுக்காரரைப் பார்க்கணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஃபேக்டரி வேலை முடிந்து முருகையா வந்தான். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. பெண்சாதியைப் பற்றி நிறையப் பேசினான். டாக்டர் கேட்டு முடித்து, கதவைச் சாத்திப் பரிசோதித்தார். பிறகு ரத்தச் சர்க்கரை பார்க்க என்னைக் கூப்பிட்டார். கருவியில் எண் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அவனுக்கும் அதே அரிப்பு, அதே பூஞ்சை. டியூப்பைத் தடவித் தடவி மறைத்து வைத்திருந்தான்.

மைக்ரோஸ்கோப்பில் அவனையே பார்க்கச் சொன்னார் டாக்டர். "மொட்டு மொட்டாத் தெரியுதுங்களா? வர்க்கிக் கடையில மாவு பொங்க வைக்கிற ஈஸ்ட்டுக்கு இது தூரத்துச் சொந்தம். உங்க மனைவி எங்கிருந்தும் கொண்டு வரலைங்க. எல்லார் உடம்புலயும் கொஞ்சம் இருக்கும். ஈரம் கிடைச்சா வளரும், சர்க்கரை கிடைச்சா விடவே விடாது. அவங்களுக்கு ஆறினப்புறம் உங்ககிட்ட இருந்து திரும்பப் போயிருக்கலாம்."

முருகையாவின் முகம் செத்துப்போயிற்று. "யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்கய்யா. சர்க்கரையிலதான் எங்கப்பாவுக்குக் காலை எடுத்தாங்க. தெரிஞ்சா என்னை மெஷின் வேலையிலேர்ந்து தூக்கிப்புடுவாங்க" என்றான்.

"நான் சொல்ல மாட்டேங்க. ஆனா நீங்க சொல்லாட்டி ஞாயித்துக்கிழமை என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்" என்றார் டாக்டர்.

அவன் போனதும் நான் சாமி வந்தவள் மாதிரி ஆடினேன். நீங்கள் சொல்லாவிட்டால் நான் லயத்துக்கே போய்ச் சொல்வேன் என்றேன். "சொன்னீங்கன்னா நாளையிலிருந்து இந்த வாசல்ல ஒருத்தரும் உண்மை பேச மாட்டாங்க. அவர் நோயை அவர்தான் சொல்லணும். அந்தம்மாவுக்கு என்னன்னு அந்தம்மா சொல்லச் சொன்னா மட்டும் நாம சொல்லலாம்" என்றார். தனலெட்சுமி சொல்லச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரும் நானும் லயத்துக்குப் போனோம். அண்ணன்காரன் கையில் அவளுடைய துணிப்பை. பெரியவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தனலெட்சுமிக்கு இருப்பது ஈரத்தில் வரும் பூஞ்சை, அது நடத்தையைப் பொறுத்ததல்ல என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். "அப்ப மருந்து தின்னும் ஏன் திரும்பத் திரும்ப வருது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். டாக்டர் பதில் சொல்லவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பெரிய பெண் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன்காரன், "சரி, கிளம்பு" என்றான்.

"எனக்குத்தான் சர்க்கரை" என்றான் முருகையா. தலையை நிமிர்த்தவே இல்லை. "சீக்கு என்கிட்டயும் இருக்கு. அவ மேல தப்பில்ல. நாந்தான் மறைச்சேன்."

 தனலெட்சுமி போய் அண்ணனின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

பிறகு இருவருக்கும் சேர்த்தே வைத்தியம் நடந்தது. சர்க்கரை மாத்திரையோடு பூஞ்சை மாத்திரை சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம் என்று முருகையாவுக்குக் களிம்பு மட்டும் கொடுத்தார். வேலையை விட்டு யாரும் அவனை எடுக்கவில்லை. அன்று திரும்பி வரும்போது, அவன் பேசாமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று டாக்டரைக் கேட்டேன். "தெரியலைங்க. எனக்கும் நெஞ்சு அடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டானது அதற்கு முன்பே. ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

என் வாயின் நீளம் அப்படியேதான் இருக்கிறது, அதை அவரால் குறைக்க முடியவில்லை. சத்தம் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான் அவரிடமிருந்து எனக்கு. குன்னூரில் அவரைத் தகனம் செய்துவிட்டு வந்த மறுநாள், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஜீப் டிரைவர் ஒருவர் மருந்து ஜன்னலில் வந்து நின்றார். சம்சாரத்துக்கு அரிப்பு என்றார். இப்படி அடிக்கடி ஏன் வருகிறது, அவள்மேலேயே தனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு அவரை உள்ளே கூப்பிட்டேன், கதவைச் சாத்தினேன்.

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம். உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"எனக்கும் இருக்கு மிஸ்ஸி" என்றார்.